ஜப்பானிய சி57 மாதிரியை மெயின் லைன் ஒய்.பி. எஞ்சினாக மாற்றுதல்: எதைக் கழற்றுவது, எதைச் சேர்ப்பது?

மெயின்லைன் கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் மெயின் லைன் மீட்டர் கேஜாக இருந்த காலத்து நிலையம் ஒன்றைச் சுவரலமாரித் தட்டின் நீளத்துக்குள் அமைத்து வருகிறேன். நடைமேடையும் ஓட்டுக் கூரையும் தண்ணீர்த் தூணும் ஓரளவு முடிந்துவிட்டன. அதில் நிறுத்துவதற்கு ஒய்.பி. வகை நீராவி எஞ்சின்தான் இல்லை. 1949-இல் பால்டுவின் நிறுவனம் கட்டிய முதல் எஞ்சின்களில் தொடங்கி 1970 வரை மொத்தம் 871 எஞ்சின்கள் வந்த வகை அது. ஆனாலும் என் தண்டவாளத்துக்கு ஏற்ற அளவில் ஆயத்த மாதிரி எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

கையில் இருப்பது, வெளிநாட்டிலிருந்து என் மைத்துனர் வாங்கி வந்த, ஜப்பானிய நீராவி எஞ்சினான சி57-இன் மாதிரி; காட்டோ நிறுவனம் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்துக்கான ‘என்’ (N) அளவில் செய்தது. அசல் சி57-உம் ஒய்.பி.யைப் போலவே முன்னால் நான்கு சிறு சக்கரங்கள், நடுவில் ஆறு இயக்கு சக்கரங்கள், பின்னால் இரண்டு சக்கரங்கள் என்ற 4-6-2 அமைப்புடையது. இரண்டிலும் வெளியே தெரியும் இரண்டு சிலிண்டர்களும் சிலிண்டருக்குள் நீராவி செல்வதைக் கட்டுப்படுத்தும் வால்ஷார்ட்ஸ் வால்வு கியரும் உண்டு. ஆகவே அடிச்சட்டத்தை வைத்துக்கொண்டு மேலுடலை மாற்றினால், ஜாம்ஷெட்பூரில் டெல்கோ கட்டி, 1970-களில் தெற்கு ரயில்வேயில் ஓடிய ஒய்.பி. ஒன்றாக இதை ஆக்க முடியும் என்று நம்புகிறேன்.

இதை எந்த விகிதத்தில் கட்டுவது? சி57-இல் எவற்றைக் கண்டிப்பாக நீக்க வேண்டும்? புகைபோக்கியையும் பாய்லரின் மேல் குமிழ்போல் நிற்கும் டோமையும் எப்படிச் செய்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அளவுகோல், மன்னார்குடி

விகிதத்தை முதலில் முடித்துக்கொள்வோம், ஏனெனில் மற்ற எல்லா அளவுகளும் அதிலிருந்துதான் வரும். ஒய்.பி.யின் இயக்கு சக்கர விட்டம் 4 அடி 6 அங்குலம், அதாவது 1372 மில்லிமீட்டர். அசல் சி57-இன் சக்கரமோ 1750 மில்லிமீட்டர். ஜப்பானிய ‘என்’ அளவு மாதிரிகள் 1:150 விகிதத்தில் செய்யப்படுவதால், உங்கள் கையில் உள்ள சக்கரத்தின் விட்டம் கணக்குப்படி 11.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஒய்.பி.யை 1:120-இல் கட்டினால் நமக்குத் தேவைப்படும் விட்டம் 11.43 மில்லிமீட்டர். வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், பெரிய பாய்லர் தாங்கிய ஜப்பானிய எஞ்சினின் கால்கள் நம் ஊர் எஞ்சினுக்குத் தைத்ததுபோல் பொருந்திவிடுகின்றன.

தண்டவாள அகலத்தைப் பார்ப்போம். 9 மில்லிமீட்டர் தண்டவாளம் 1:120-இல் 1080 மில்லிமீட்டருக்குச் சமம். மீட்டர் கேஜுக்கு 80 மில்லிமீட்டர் கூடுதல்தான், ஆனால் அதே தண்டவாளத்தில் 1:150 ஜப்பானிய எஞ்சின் நிற்கும்போது அது 1350 மில்லிமீட்டர் அகலத்தில் நிற்கிறது. அவர்களுடைய அசல் அகலம் 1067 தான். அந்தப் பிழையைக் கண்டுகொள்ளாமல் உலகமே வாங்கும்போது நம் 80 மில்லிமீட்டரைப் பற்றிக் கவலைப்படுவதில் பொருளில்லை.

பெட்டிகளுக்கும் இந்தக் கணக்கு ஏறத்தாழ ஒத்துவரும். மீட்டர் கேஜ் பெட்டிச் சக்கரத்தின் விட்டம் 725 மில்லிமீட்டர் என்பதால் 1:120-இல் அது 6.04 ஆகிறது. ஜப்பானியப் பெட்டியின் 860 மில்லிமீட்டர் சக்கரம் 1:150-இல் 5.73 தான். மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றாலும், போகியின் பக்கச்சட்டம் மறைத்துவிடும் இடம் அது.

கொள்ளிடம் தென்கரை

அளவுகோல் ஐயாவின் கணக்கில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. மீட்டர் கேஜை 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் துல்லியமாகக் காட்டும் விகிதம் 1:111 இருக்கிறதே! 9-ஐ 111-ஆல் பெருக்கினால் 999 வருகிறது. மீட்டர் கேஜ் என்று பெயர் வைத்துவிட்டு, மீட்டர்தான் தவறு என்றால் எப்படி? மெயின் லைன் எஞ்சின்களை நேருக்கு நேர் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குறுகிய தண்டவாளத்துக்கு இருபுறமும் உடல் வெளியே தள்ளி நிற்கும் அந்தத் தோற்றம்தான் அதன் முகம். 1:120-இல் அந்தப் பிதுக்கம் சற்றுக் குறைந்துவிடும்.

அளவுகோல், மன்னார்குடி

1:111-இல் உங்கள் சக்கரம் 1295 மில்லிமீட்டராகிவிடுகிறது. 77 மில்லிமீட்டர் குறைவு, அதாவது மூன்று அங்குலம். தண்டவாளத்தைக் காப்பாற்றப் போய்ச் சக்கரத்தை இழக்கிறீர்கள். தவிரவும், 1:120 என்பது டி.டி. என்ற பெயரில் ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் புழங்கும் விகிதம் என்பதால் மனித உருவங்களும் லாரிகளும் கடையில் கிடைக்கின்றன. 1:111-இல் நடைமேடைப் பயணியிலிருந்து போர்ட்டர் வரை ஒவ்வொருவரையும் நீங்களே செதுக்க வேண்டியதுதான்.

பொன்மலைச் சங்கு

நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பட்டறையில் ஃபிட்டராக இருந்த அனுபவத்தைக் கொண்டு மட்டும் பேசுகிறேன். சக்கர விட்டம் என்று நீங்கள் சொல்லும் அளவு புது டயருக்கானது. ஓடித் தேய்ந்த டயரைப் பட்டறையில் வீல் லேத்தில் ஏற்றிக் கடைவோம், ஒவ்வொரு கடைசலிலும் விட்டம் குறையும். ஆகவே சக்கரம் சிறிதாக இருப்பதைத் தேய்மானம் என்று சொல்லித் தப்பிக்கலாம், பெரிதாக இருந்தால் தப்பிக்க வழியில்லை. அந்த வகையில் கொள்ளிடம் தம்பியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் 1:120-இல் வரும் மிகை 28 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத அதற்காக லாரிகளையும் மனிதர்களையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

சக்கரத்தின் விட்டத்தைவிட அதன் முகம் முக்கியம். சி57-இல் இருப்பது ஆரங்கள் இல்லாமல், வார்ப்பில் ஓட்டைகள் விட்ட பாக்ஸ்போக் வகைச் சக்கரம். ஒய்.பி.யில் ஆரக்கால் சக்கரம். இந்த வேறுபாட்டை அறைக் கோடியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

இதற்கும் மேலான ஒன்றை நீங்கள் யாரும் இன்னும் தொடவில்லை. சி57 காற்றுப் பிரேக் எஞ்சின், நம்முடைய ஒய்.பி. வேக்கம் பிரேக் எஞ்சின். காற்றுப் பிரேக் என்றால் காற்றை அழுத்துவதற்கு நீராவியில் இயங்கும் பம்பு வேண்டும், அழுத்திய காற்றைச் சேர்த்து வைக்க ஃபுட் பிளேட்டுக்குக் கீழே உருளைத் தொட்டிகள் வேண்டும், காற்றைக் குளிர்விக்க வளைந்து வளைந்து போகும் குழாய்கள் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் பாய்லருக்கு நீர் செலுத்தும் பம்பும் அதற்கான நீர்சூடேற்றியும் உண்டு. நம் எஞ்சினில் இவை ஒன்றுகூடக் கிடையாது. பிரேக்குக்கு எஜெக்டர், நீருக்கு இன்ஜெக்டர், அவ்வளவுதான். ஆகவே மேலே என்ன வைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், பாய்லருக்குக் கீழே தொங்கும் பம்புகளையும் தொட்டிகளையும் சுத்தமாக வழித்துவிடுங்கள். அவை இருக்கும்வரை, மேலே எந்த எண் பலகையை ஒட்டினாலும் அது வேடம் போட்ட ஜப்பான் எஞ்சினாகவே இருக்கும்.

மெயின்லைன் கும்பகோணம்

மிக்க நன்றி ஐயா. விகிதம் 1:120 என்றே வைத்துக்கொள்கிறேன். சக்கர விஷயத்தில் எனக்குத் தோன்றும் வழி, சி57-க்கு முன்னோடியான சி55-இன் அடிச்சட்டத்தைத் தேடுவது. 1935 முதல் 1937 வரை 62 எஞ்சின்களே கட்டப்பட்ட அந்த வகைக்கும் அதே 1750 மில்லிமீட்டர் சக்கரம்தான், ஆனால் ஆரக்கால் அமைப்பு. ஆரங்களின் நுனியில் விளிம்போடு சேரும் இடத்தில் சிறு தகடுபோன்ற விரிவு இருப்பதாகப் படங்களில் பார்த்தேன். கறுப்பு வண்ணத்துக்குள் அது அமுங்கிவிடும் அல்லவா?

எஜெக்டர் குழாய் எப்படி ஓடும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

கொள்ளிடம் தென்கரை

பொன்மலை ஐயாவின் அறிவுக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் வரிசையில் உடன்பாடில்லை. 1:120 எஞ்சினில் காற்றுப் பம்பு என்பது உளுந்தின் அளவே இருக்கும். அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருகிறவனுக்குத் தெரிவது நிழலுருவம். புகைப்பெட்டிக்கு இருபுறமும் காதுபோல் நிற்கும் புகைத்தடுப்புத் தகடுகளை எடுக்க வேண்டும், மணல் பெட்டியையும் டோமையும் ஒரே மூடிக்குள் அடக்கிய ஜப்பானியக் கூம்பை எடுக்க வேண்டும், கேபின் கூரையையும் சாளரங்களையும் மாற்ற வேண்டும், முன்புறம் தண்டவாளத் தடைகளை ஒதுக்கித் தள்ளும் கௌகேச்சர் வைக்க வேண்டும். இந்த நான்கும் முடிந்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஒய்.பி. என்று சொல்லிவிடுவார்கள். கீழே கிடக்கும் குழாய்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொன்மலைச் சங்கு

அந்த ஒன்பது பேருக்காகக் கட்டுவதானால் இந்த இழையே தேவையில்லை தம்பி. நிழலுருவம் முக்கியம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன நான்கும் மேலுடலோடு எப்படியும் போய்விடும், பாய்லரையே புதிதாகச் செய்யும்போது புகைத்தடுப்பும் கூம்பும் தாமாகவே விலகும். அடிச்சட்டத்தோடு ஒட்டியிருப்பவை மட்டும், யாரும் எடுக்காவிட்டால், அப்படியே தங்கிவிடும். அதனால்தான் அவற்றை முதலில் சொன்னேன்.

எஜெக்டரைப் பற்றிக் கேட்டார்கள். வேக்கம் பிரேக்கில் வண்டி முழுவதும் ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் பிரேக் விடுபடும், காற்றை உள்ளே விட்டால் பிரேக் பிடிக்கும். உறிஞ்சும் வேலையை எஜெக்டர் செய்கிறது. ஒரு கூம்பு வழியாக நீராவி வேகமாகப் பாயும்போது பக்கத்தில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகும், அதற்கு மேல் அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. பிரேக் பிடித்த பிறகு விரைவாக விடுவிக்கப் பெரிய எஜெக்டர், ஓடும்போது கசிவுகளை ஈடுகட்டி வேக்கத்தைத் தாங்கிப் பிடிக்கச் சிறிய எஜெக்டர். இழுத்த காற்றும் வேலை முடித்த நீராவியும் பாய்லர் ஓரமாக ஓடும் ஒரு தடித்த குழாய் வழியாகப் புகைப்பெட்டிக்குள் போய்ப் புகைபோக்கியில் வெளியேறும். அந்தக் குழாயைத்தான் நீங்கள் மாதிரியில் காட்ட வேண்டும். கைப்பிடிக் கம்பியைவிட அது தடிமனாகத் தெரிய வேண்டும், இரண்டையும் ஒரே கம்பியில் செய்துவிடாதீர்கள். அடுத்து, முன் பீமிலும், நிலக்கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் பின் பீமிலும் வேக்கம் ஹோஸ் வேண்டும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. ஒலிச் சில்லு பொருத்துவதாக இருந்தால், ஜப்பானிய எஞ்சினின் ஒலித்தொகுப்பை அப்படியே போடாதீர்கள். நிலையத்தில் நிற்கும்போது அந்த எஞ்சின் காற்றுப் பம்பு அடிக்கும் ஒலியை விட்டு விட்டு எழுப்பும். மெயின் லைன் நடைமேடையில் நின்ற ஒய்.பி.யிடம் அந்த ஒலியை நீங்கள் கேட்டிருக்கவே முடியாது. எஜெக்டர் திறந்ததும் எழும் சீறல்தான் கேட்கும்.

கொள்ளிடம் தென்கரை

ஒலியைப் பற்றிய கருத்துக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. பம்புகளை எடுத்துவிடுங்கள்.

நாச்சியார்கோவில் கடைசல்

புகைபோக்கியைப் பற்றி எழுத வந்தேன். எங்கள் தெருவில் குத்துவிளக்கின் தண்டையும் தட்டையும் வார்த்தெடுத்த பின் லேத்தில் பிடித்துத்தான் கடைந்து மெருகேற்றுகிறோம், ஆகவே பித்தளையைக் கடைவது எங்களுக்குப் புதிதன்று. ஆனால் விளக்கு லேத்தில் இவ்வளவு சிறிய வேலையைப் பிடிக்க முடியாது. கடிகாரம் பழுதுபார்ப்பவர் வைத்திருக்கும் சிறு லேத் அல்லது மேசை லேத் வேண்டும். 6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நடுவில் துளை போட்டுவிட்டுப் பிறகு வெளிப்புறத்தைக் கடையுங்கள். வெளிப்புறத்தை முடித்துவிட்டுத் துளை போட்டால் மெல்லிய சுவர் ஒரு பக்கமாகப் பிதுங்கும்.

கடைசலைவிட அடிப்பாகம்தான் கடினம். புகைபோக்கியின் அடி பாய்லரின் வளைவில் சேணம்போல் உட்கார வேண்டும். பாய்லருக்காக எடுத்த குழாயின் மேலேயே உப்புத்தாளைச் சுற்றுங்கள், மணல் முகம் வெளியே இருக்கட்டும். புகைபோக்கியை அதன் மேல் செங்குத்தாகப் பிடித்துக் குழாயின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். கையைத் திருப்பக் கூடாது. சில நிமிடங்களில் அதே வளைவு அடியில் இறங்கிவிடும். தாளின் தடிமன் அளவுக்கு வளைவு கூடுதலாக இருக்கும் என்பதால் கடைசித் தேய்ப்புக்கு மிக மெல்லிய தாளைப் பயன்படுத்துங்கள். டோமுக்கும் இதே முறைதான்.

புகைபோக்கி சாய்ந்திருக்கிறதா என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்காதீர்கள், முன்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பக்கத்துச் சாய்வைக் கண் மன்னித்துவிடும், முன்பக்கச் சாய்வை மன்னிக்காது.

அளவுகோல், மன்னார்குடி

சுவாமிமலை மெழுகு வார்ப்பு முறையைப் பயன்படுத்த முடியாதா? வெளிநாட்டு மாதிரிக் கலைஞர்கள் டோம், பம்பு, விளக்கு போன்ற உறுப்புகளை மெழுகு வார்ப்புப் பித்தளையில்தான் வாங்குகிறார்கள். அந்தக் கலையை நாம் வாசலிலேயே வைத்திருக்கிறோம்.

நாச்சியார்கோவில் கடைசல்

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த அளவுக்கு அது பொருந்தாது. சுவாமிமலையில் தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவைச் செய்கிறார்கள், அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்து எடுத்த பிறகுதான் உளி வேலை தொடங்குகிறது. விக்கிரகத்தின் விரல் நகமும் நகையும் துலங்குவது பெரும்பாலும் அந்த உளியால். 4 மில்லிமீட்டர் டோமை உளியால் திருத்துவது நடக்கிற காரியமன்று. தவிரவும் டோமும் புகைபோக்கியும் உருண்டைப் பொருட்கள், லேத்தில் இதைவிடச் சுத்தமாக வந்துவிடும். தோட்டத்தில் ஓட்டும் 1:32 அளவு எஞ்சினாக இருந்தால் நானே உங்களை ஸ்தபதியிடம் அழைத்துப் போயிருப்பேன்.

திருவாரூர் கிளை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மாதிரி மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி சென்ற பழைய கிளைப் பாதை போன்றது. இலகுவான கிளைப் பாதைகளுக்காக 8 டன் அச்சுச்சுமையோடு வடிவமைக்கப்பட்ட ஒய்.எல். எஞ்சினுக்கும் இதே வழி உதவுமா? சரக்கு வண்டிக்கு ஒய்.ஜி.யும் வேண்டும்.

அளவுகோல், மன்னார்குடி

ஒய்.ஜி.யின் சக்கரம் 4 அடி, 1:120-இல் 10.16 மில்லிமீட்டர். அதே 2-8-2 அமைப்புள்ள ஜப்பானிய டி51-இன் 1400 மில்லிமீட்டர் சக்கரம் 1:150-இல் 9.33 தான். சக்கரம் நன்றாகவே சிறுத்துவிடுகிறது, நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒய்.எல்.லுக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம். ஒரு கொசுறுச் செய்தி மட்டும்: ஜப்பானின் சி56 எஞ்சின்களில் முதல் 90 இரண்டாம் உலகப் போரின்போது மீட்டர் கேஜுக்கு மாற்றப்பட்டுத் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அனுப்பப்பட்டன. நாம் மேசையில் செய்வதை அவர்கள் அசலிலேயே செய்திருக்கிறார்கள்.

மெயின்லைன் கும்பகோணம்

சி55 அடிச்சட்டம் ஒன்று பழைய பொருளாகக் கிடைத்துவிட்டது. பாய்லருக்குப் பித்தளைக் குழாய் எடுத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உடலோடு சேர்த்து உள்ளே இருந்த எடைக்கட்டியும் போய்விட்டதால் எஞ்சின் இலகுவாகி, சக்கரம் வழுக்கியது. பித்தளைக் குழாயும் அதனுள் திணித்த ஈயமும் அந்தக் குறையைத் தீர்க்கும் என்று நினைக்கிறேன். குழாய்களுக்கான கம்பியை எங்கே வாங்குவது என்று தெரியவில்லை. இங்கே கிடைக்கும் பித்தளைக் கம்பிகள் எல்லாம் தடிமனாக இருக்கின்றன.

கொள்ளிடம் தென்கரை

கம்பிக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. பம்புசெட் மோட்டார் வைண்டிங் செய்யும் எந்தக் கடையிலும் மிச்சத் துண்டுகள் கிடைக்கும், காசுகூட வாங்க மாட்டார்கள். 30 கேஜ் கம்பி 0.315 மில்லிமீட்டர், கைப்பிடிக்கும் மெல்லிய நீராவிக் குழாய்களுக்கும் அது போதும். 22 கேஜ் 0.711 மில்லிமீட்டர், 1:120-இல் 85 மில்லிமீட்டருக்குச் சமம். எஜெக்டர் குழாயை அதில் செய்தால் பொன்மலை ஐயா கேட்ட தடிமன் வேறுபாடு கிடைத்துவிடும். மேலே எனாமல் பூச்சு இருக்கும், பற்றவைக்கும் இடத்தில் அதைச் சுரண்டாமல் ஈயம் பிடிக்காது. கம்பியின் ஒரு முனையைக் கட்டிங் பிளேயரில் பிடித்து, மறுமுனையைக் குறட்டில் இறுக்கி ஒருமுறை இழுத்துவிட்டால் கோணல் எல்லாம் போய் நேராகிவிடும்.

பித்தளை பாய்லரில் ஓர் ஆபத்து உண்டு. இந்த அளவு எஞ்சின்கள் பலவற்றில் உலோக அடிச்சட்டம் இடது பாதி, வலது பாதி என்று பிரிந்திருக்கும், ஒவ்வொரு பாதியிலும் ஒரு தண்டவாளத்தின் மின்சாரம் ஓடும். பித்தளைக் குழாய் இரண்டையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். மல்டிமீட்டரை வைத்துச் சோதித்துவிட்டு, தொடும் இடங்களில் வைண்டிங் கடைக்காரர் பயன்படுத்தும் பாலியஸ்டர் தாளை ஒட்டுங்கள். எஜெக்டர் குழாயையும் அடிச்சட்டத்தோடு பற்றவைக்காமல் பாய்லரோடு மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளவுகோல், மன்னார்குடி

அடிச்சட்டம் வந்துவிட்டதால் ஒரு சிறு கணக்கு. ஒய்.பி.யின் சிலிண்டர் பதினைந்தேகால் அங்குல விட்டமும் 24 அங்குல ஸ்ட்ரோக்கும் உடையது. ஸ்ட்ரோக்கில் பாதியான 305 மில்லிமீட்டர்தான் கிராங்கின் நீளம், 1:120-இல் 2.54 மில்லிமீட்டர். ஜப்பானிய எஞ்சினின் ஸ்ட்ரோக் 660, ஆகவே உங்கள் சக்கரத்தில் கிராங்கின் நீளம் 2.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இதைத் திருத்த முயலாதீர்கள். கிராங்க் பின்னை நகர்த்தினால் ராடு, குறுக்குத்தலை, சிலிண்டர் எல்லாம் தொடர்ந்து மாற வேண்டும், நன்றாக ஓடும் அடிச்சட்டம் கெட்டுப்போகும். சிலிண்டரின் வெளி உறையை மட்டும் ஒய்.பி.யின் வடிவத்துக்கு மாற்றுங்கள்.

பொன்மலைச் சங்கு

சரியான அறிவுரை. நான் இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன்.

முதலாவது கப்ளிங். ஜப்பானிய எஞ்சினில் கைவிரல்களை மடக்கியதுபோன்ற தானியங்கிக் கப்ளர் இருக்கும். நம் மீட்டர் கேஜில் ஏ.பி.சி. கப்ளர், நடுவில் ஒற்றை பஃபர் தலையும் அதன்மேல் விழும் கொக்கியும் கொண்டது. எஞ்சினின் முன்புறத்தில் நீங்கள் எதையும் இணைக்கப் போவதில்லை என்றால், அங்கே ஓடாத, பார்வைக்கு மட்டுமான ஏ.பி.சி. கப்ளரைத் தகட்டில் வெட்டி வைத்துவிடலாம். டெண்டர் பின்னால் மட்டும் ஓடும் கப்ளர் இருக்கட்டும். முன்புறம் அகலப்பாதை வண்டிபோல் இருபுறமும் பஃபர் வைத்துவிடாதீர்கள், சிலர் பழக்கதோஷத்தில் அப்படிச் செய்கிறார்கள்.

இரண்டாவது, டெல்கோ எஞ்சின் என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். ஒய்.பி.க்களைப் பால்டுவின், நார்த் பிரிட்டிஷ், கிராஸ் மாஃபை, டெல்கோ என நான்கு நிறுவனங்கள் கட்டின. ஆனால் 1970-களில் ஓடிய ஓர் எஞ்சினைப் பார்த்து இன்ன நிறுவனத்தின் தோற்றம் என்று முடிவுகட்டுவது எளிதன்று. பட்டறைக்குப் பி.ஓ.எச். எனப்படும் குறித்த காலத்து முழுப் பழுதுபார்ப்புக்கு வந்தால் பாய்லரைத் தூக்கிவிட்டு, ஏற்கெனவே பழுதுபார்த்து ஆயத்தமாக வைத்திருக்கும் வேறு பாய்லரை இறக்குவோம், எஞ்சின் காத்திருக்கக் கூடாது என்பதற்காக. ஆகவே டெல்கோ எஞ்சின் என்று பொதுவாகச் செய்யாமல், ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள், அந்த எண்ணின் படம் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் படத்தில் உள்ளதை மட்டும் செய்யுங்கள். வேறு எண்ணின் படத்திலிருந்து ஒரு வால்வைக்கூடக் கடன் வாங்காதீர்கள்.

மெயின்லைன் கும்பகோணம்

மயிலாடுதுறை நடைமேடையில் எங்கள் பெரியப்பா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இருக்கிறது, எண் பலகை தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அது ஒரு பக்கம் மட்டும்தான். மறுபக்கத்துக்கு என்ன செய்வது?

பொன்மலைச் சங்கு

மறுபக்கத்துக்கு வகையின் வரைபடத்தைப் பின்பற்றுங்கள், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அலமாரியில் வைக்கும்போது படத்தில் உள்ள பக்கம் பார்ப்பவரை நோக்கி இருக்கும்படி தண்டவாளத்தின் திசையை முடிவுசெய்துகொள்ளுங்கள்.

கொள்ளிடம் தென்கரை

வண்ணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முழுக்கறுப்பை அடிக்காதீர்கள். இந்தச் சிறிய அளவில் முழுக்கறுப்பு எல்லா நுணுக்கத்தையும் விழுங்கிவிடும், நீங்கள் பாடுபட்டு வைத்த எஜெக்டர் குழாய் பாய்லரோடு கலந்துவிடும். கறுப்போடு சிறிது சாம்பல் கலந்து பாய்லருக்கும், அதைவிடச் சற்று வெளிறியதைப் புகைப்பெட்டிக்கும் அடியுங்கள். பாய்லர்ப் பட்டைகளுக்கு ஒட்டும் அலுமினியத் தாளை அரை மில்லிமீட்டர் அகலத்தில் அறுத்து, வண்ணத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏர்பிரஷ் வேலையே வேண்டாம். மழைக்கால ஈரத்தில் வண்ணம் வெளுத்துப் பூத்துவிடும்.

மெயின்லைன் கும்பகோணம்

குறித்துக்கொண்டேன். காற்றுப் பம்பையும் தொட்டிகளையும் நீக்கி, அவை இருந்த துளைகளை அடைத்துவிட்டேன். அடிச்சட்டம் இரண்டு பாதியாகத்தான் இருக்கிறது, மல்டிமீட்டர் காட்டிவிட்டது, பாலியஸ்டர் தாள் ஒட்டியாயிற்று. நாச்சியார்கோவில் அண்ணன் சொன்னபடி டோமின் அடியைத் தேய்த்துப் பொருத்திப் பார்த்தேன், வெளிச்சம் புகாமல் உட்காருகிறது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். பெரியப்பாவின் படத்தில் முன் பீமிலுள்ள வேக்கம் ஹோஸ் தொங்காமல் மேல்நோக்கி வளைந்து எதிலோ மாட்டியிருப்பதுபோல் தெரிகிறது. அது சரிதானா?

பொன்மலைச் சங்கு

சரிதான். இணைக்கப்படாத முனையைத் தொங்கவிட்டால் அதன் வழியாகக் காற்று புகுந்து வேக்கமே நிற்காது. அதனால் ஹோஸின் வாயை அதற்கென்று பீமில் உள்ள அடைப்பானில் பொருத்தி வைப்பார்கள். 26 கேஜ் கம்பியை வளைத்து, வாய்ப் பக்கத்தில் ஒரு சுற்றுத் தடிப்பு கொடுத்து, அந்த அடைப்பானோடு ஒட்டிவிடுங்கள். டெண்டர் பின்னால் உள்ள ஹோஸ் மட்டும் முதல் பெட்டியின் ஹோஸை நோக்கித் திரும்பியிருக்கட்டும்.